கெர்னல் விரிய ஓர் இடம்

எங்கள் விசைத்தறிக் கூடத்தில், குறுக்கே ஓடுகிற ஊடை நூல் அறுந்தால் தறியை நிறுத்துகிற சின்னப் பெட்டிகள் உண்டு. ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு குட்டிக் கணினி. அதன் திரையில் ஆங்கிலம்தான் வரும். தறி ஓட்டுகிற அக்காக்கள் ஒவ்வொரு முறையும் என் அண்ணனைக் கூப்பிட்டு, என்ன போட்டிருக்கிறது என்று கேட்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பெட்டிக்கு மென்பொருள் எழுதுகிறவள் நான். அருப்புக்கோட்டைத் தறியில் தமிழ் வரக் கூடாதா?

தமிழ் எழுத்துகளைச் சேர்த்தேன். கெர்னல், அதாவது பெட்டி விழித்ததும் முதலில் ஓடுகிற ஆதார நிரல், பெருத்துப்போய்ச் சேமிப்பில் அடங்கவில்லை. அதைச் சுருக்கித்தான் சேமிப்பார்கள்; பெட்டி விழிக்கும்போது மெமரியில் விரியும். இன்னும் இறுக்கிச் சுருக்கினேன். அடங்கியது. ஆனால் கரண்டு கொடுத்தால், விரிக்கத் தொடங்கியதாக ஒரு வரி காட்டிவிட்டு அப்படியே நின்றது.

பெட்டி விற்றவரைப் போனில் பிடித்தேன்.

“மெமரி பத்தாது மேடம், தமிழை எடுத்துருங்க.”

மெமரி தாராளமாக இருந்தது. வீட்டில் தெலுங்கு பேசுகிற அண்ணன், கோபம் வந்தால் தமிழுக்கு மாறிவிடுவான்.

“சாயங்காலத்துக்குள்ள தறி ஓடணும். இல்லைன்னா பழையபடி இங்கிலீஷையே போட்டுரு.”

விடுவேனா? சுருக்கிய கெர்னல் இருப்பதும், அது விரிவதும் மெமரியில் ஒரே இடத்தில்தான். சுருக்கியது கடைக்கோடியில் இருக்கும். விரிந்தது முன்பக்கத்திலிருந்து வளர்ந்து வரும். விரிந்த அளவுக்கு அளந்தாற்போல் இடம் ஒதுக்கியிருந்தார்கள். பழைய சுருக்கலுக்கு அது எப்படியோ போதுமானதாக இருந்தது. புதியதிலோ, இன்னும் படிக்காத சுருக்கலின் மேலேயே விரிந்த பகுதி ஏறி அதை அழித்தது. தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளும் வேலை. கொஞ்சம் கூடுதல் இடம் வேண்டும், அவ்வளவுதான்.

தறியில் நீளவாக்கில் ஓடுகிற பாவு நூலைப் பார்த்துத்தான் இது புரிந்தது என்று கதை விட மாட்டேன். புரிந்தபின் அண்ணனுக்குச் சொல்லத்தான் பாவு உதவியது.

“சேலை நீளத்துக்கு அளந்தாப்புல பாவு போடுவியாண்ணே?”

“அதெப்பிடி? கடைசித் துண்டு நூலு தறியிலயே நின்னுரும். அதை நெய்ய முடியாதுல்ல.”

“பெட்டி செஞ்சவுக அந்தத் துண்டை விடலைண்ணே.”

“அப்ப அந்தத் துண்டை நீ விடு. வாய் பாத்துக்கிட்டு நிக்கிற!”

இடத்தைக் கூட்டினேன். மெயின் சுவிட்சைப் போட்டதும் எல்லாப் பெட்டிகளும் விழித்தன. கொஞ்ச நேரத்தில் ஒரு தறி நின்றது. காரியாபட்டியிலிருந்து பஸ்ஸில் வருகிற அக்கா, “ஊடை அறுந்தது” என்று திரையை வாய்விட்டுப் படித்தார். அண்ணனைக் கூப்பிடாமல் தானே நூலைச் சரிசெய்து தறியை ஓட்டினார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. பெருமைதான், வேறென்ன?

அண்ணன் கதை தனி. கரண்டு ஒரு நிமிடம் போனாலே ஊரைத் திட்டித் தீர்க்கிறவன், இப்போது கூடத்துக்கு யார் வந்தாலும், ஓடுகிற தறியையெல்லாம் நிறுத்தி, மெயின் சுவிட்சை அவனே அணைத்துப் போட்டுக் காட்டுகிறான்.

“பாருங்க, தமிழ்லயே முழிக்கும். எந் தங்கச்சி செஞ்சது.”