செவலைக்குப் போட்ட ஊசி

வெள்ளாட்டின் குடற்புழுவுக்குத் தடுப்பூசி கண்டுபிடிக்கும் வேலை என்றால் ஆய்வகத்தில் ஜம்மென்று உட்கார்ந்திருப்போம் என்று நினைப்பீர்கள். பாதி நாள் ஆட்டுக்குப் பின்னால் புழுக்கைக்காகக் காத்து நிற்பதுதான் எங்கள் பிழைப்பு. நீங்களும் இதே துறை என்றால் நான் விளக்க வேண்டியதில்லை.

டவுன் பஸ்ஸில்

திருப்பத்தூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து காரைக்குடிக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். மடியில் ஐஸ் போட்ட தெர்மோகோல் பெட்டி. பக்கத்து சீட் அம்மா, "என்ன மீனு?" என்றார். ஆட்டுப் புழுக்கை, அதில் புழு முட்டை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்றேன். மூக்கைப் பொத்துவார் என்று நினைத்தேன். சிரித்துவிட்டார்.

"எங்க வீட்டுக் குழம்புக்கே ஐஸு கெடையாது, தாயி!"

பாண்டியம்மாவின் கேள்வி

சோதனைக்கு ஆடு தந்தவர்களில் பாண்டியம்மாவும் ஒருவர். கணவர் இல்லை, ஆடுகள்தான் துணை. என்ன ஊசி என்று கேட்டார். புழு இரைப்பையில் ஒட்டிக்கொண்டு ரத்தம் குடிக்கும். அதன் குடலில் உள்ள ஒரு புரதத்துக்கான மரபணுவை ஈஸ்டுக்குள் வைத்து, அந்தப் புரதத்தை ஈஸ்டையே தயாரிக்க வைக்கிறோம். அதை ஆட்டுக்குப் போட்டால் ரத்தத்தில் எதிர்ப்பு உண்டாகும். அந்த ரத்தத்தைக் குடிக்கிற புழு நொடித்துப்போகும் என்றேன்.

"குடிக்கிறதே வெசமாப் போற மாதிரி புழுவுக்குப் பண்றீக. எங்க வீட்டுக்காரரு புழுவாப் பொறந்திருந்தா, பயந்துக்கிட்டாவது குடியை விட்டிருப்பாரு."

மழைக்குப் பிறகு

ஆடுகளில் பாதிக்குத் தடுப்பூசி, பாதிக்கு வெறும் உப்புநீர். எதற்கு எது என்று எனக்கே தெரியாது. மழை ஓய்ந்ததும் பாண்டியம்மாவின் செவலை ஆடு சோர்ந்து நின்றது. கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன். ரத்தமே இல்லாமல் வெளுத்திருந்தது. புழு மருந்து ஊற்றினால் பிழைக்கும், ஆனால் சோதனையிலிருந்து விலக்க வேண்டும். ஏற்கெனவே ஆடுகள் குறைவு. பாண்டியம்மா செவலையின் கழுத்தைத் தடவிக்கொண்டே இருந்தார். மருந்தை ஊற்றினேன். ஆய்வகத்தில் என்னுடன் வேலை பார்க்கும் சேகருக்குப் போன் செய்தேன்.

"நானா இருந்தாலும் ஊத்தியிருப்பேன். ஆனா டைரக்டர்கிட்ட நீங்களே சொல்லிடுங்க."

முடிவு வந்த அன்று

கடைசியில் எதற்கு எந்த ஊசி என்று திறந்து பார்த்தோம். தடுப்பூசி போட்ட பல ஆடுகளில் புழு முட்டை குறைந்திருந்தது. செவலைக்குப் போட்டதோ உப்புநீர் இல்லை, எங்கள் தடுப்பூசிதான். அதைப் பாண்டியம்மாவிடம் சொல்லத் தலைகுனிந்து போனேன். தொழுவத்தில் செவலை ஈன்ற ரெண்டு குட்டிகள் தாயை முட்டி முட்டிப் பால் குடித்துக்கொண்டிருந்தன. பாண்டியம்மா ஒரு குட்டியைத் தூக்கி என் கையில் கொடுத்தார்.

"ஊசியைச் சரி பண்ணிட்டு வாங்க. இதுகளுக்காச்சும் போடுவீகள்ல?"

ஆக, எங்கள் ஊசியை இன்றைக்கு முழுசாக நம்புவது பாண்டியம்மா ஒருவர்தான். புழுக்கள் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கின்றன.