பதினான்காம் கட்டத்தில் ஒரு பூஜ்ஜியம்

குடை நுனியால் சாக்கடை மூடியை மூன்று தட்டுத் தட்டிவிட்டுத் தலையைச் சாய்த்துக் கேட்கிறார் சைரன் சார். சத்தம் கணீரென்று வந்தால் கீழே காலி; மொத்தென்று வந்தால் அடைப்பு. மொத்தென்றுதான் வருகிறது. சட்டைப் பையிலிருந்து சாக்பீஸை எடுத்து மூடிமேல் ஒரு பெருக்கல் குறி போட்டுவிட்டு அடுத்த மூடிக்கு நகர்கிறார். மதிய இடைவேளை முழுவதும் இதுதான் வேலை. சாப்பாடு பதினொன்றரைக்கே கோப்புகளுக்குப் பின்னால் முடிந்திருக்கும். நடுத்தெருவில் அவர் குனிந்து நிற்பதைப் பார்த்து, ஏதோ தொலைத்துவிட்டார் என்று கூடச் சேர்ந்து தேடியவர்களும் உண்டு.

நகராட்சி அலுவலகத்தில் அவர் பேரிடர் பிரிவு எழுத்தர். பிரிவு என்றால் ஒரு மேசை, ஒரு பீரோ, கால் ஆடுகிற ஒரு நாற்காலி, அவர். ஊர் அவருக்கு வைத்த பெயர் சைரன் சார். அவரிடம் சைரன் கிடையாது. கால்வாய்க்குக் கீழே பள்ளத்தில் இருக்கும் தெருவுக்கு ஒரு சைரனும், தண்ணீர் இறைக்க ஒரு மோட்டாரும் வேண்டும் என்று அரசு மானியத்துக்கு வருஷா வருஷம் எழுதிப் போட்டதில் பெயர் மட்டும் கிடைத்தது. அவரும் அதை மறுக்கவில்லை. "ஏதோ ஒண்ணு வந்துதே" என்பார்.

வீட்டுக்கதவுக்குப் பின்னால் ஆணியில் ஒரு பை எப்போதும் தொங்கும். ரேஷன் கார்டு நகல், டார்ச், கயிறு, மாற்றுச் சட்டை எல்லாம் அதில் இருக்கும். அவர் மனைவி ஒருநாள் அவசரத்துக்கு அந்தப் பையில் வெங்காயம் வாங்கி வந்துவிட்டார். மனிதர் கோபித்துக்கொள்ளவில்லை, இரண்டு நாள் பேசவில்லை, அவ்வளவுதான். கல்யாண மண்டபத்தில் நுழைந்ததும் மாப்பிள்ளையைத் தேட மாட்டார், பின்வாசலைத் தேடுவார். அது பூட்டியிருந்தால் சாவி வரும்வரை பந்தியில் உட்கார மாட்டார். மச்சான்காரர் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். ஆனால் தன் மகள் கல்யாணத்தன்று மண்டபத்துச் சாவிக்கொத்தை முதலில் இவர் கையில்தான் கொடுத்தார்.

தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், அவருக்கு முகம் சுருங்கிவிடும். "யாரு சொன்னது? சாணுக்கும் முழத்துக்கும் நடுவுலதான் நம்ம கரண்டுப் பெட்டி இருக்கு. அளந்து பாத்திருக்கேன்" என்பார். அளந்துதான் பார்த்திருக்கிறார்.

பள்ளத்தெருவில் அறுபத்து மூன்று வீடு. எந்த வீட்டில் யார் நடக்க மாட்டார், யாருக்குக் காது கேட்காது, யார் ஆட்டுக்குட்டியை விட்டு வர மாட்டார் என்பதெல்லாம் ஒரு நீள நோட்டில் இருக்கிறது. வருஷத்துக்கு இரண்டு முறை வீடு வீடாகப் போய்த் திருத்துவார். "பதினேழுல பெரியவருக்குக் காது போயிடுச்சு, கதவத் தட்டிப் பிரயோஜனம் இல்ல, மூஞ்சியில டார்ச் அடிக்கணும்." பெரியவரை எதிரில் வைத்துக்கொண்டே இதைச் சொல்லி எழுதுவார். பெரியவரும் பார்த்துச் சிரித்துத் தலையாட்டுவார்.

மூன்று வருஷத்துக்கு முன் ஒரு மதியம் கால்வாய்க் கரை உடைந்தது. சைரன் இல்லாத ஊரில் இவரே சைரன். விசிலை வாயில் வைத்துக்கொண்டு அறுபத்து மூன்று கதவையும் தட்டினார். பீரோவைத் திறக்கப் போனவர்களையும் பாத்திரம் அடுக்கத் தொடங்கியவர்களையும் கையைப் பிடித்து வெளியே இழுத்தார். "சாமான் அப்புறம், ஆள் முதல்ல. நட, நட." கடைசி ஆள் மேட்டுப் பள்ளிக்கூடத்து வாசலைத் தாண்டியபோது தெருவில் மார்பளவு தண்ணீர். வாசலில் நின்று எண்ணினார். இருநூற்று நாற்பத்தெட்டுப் பேர். நோட்டிலும் அதே கணக்கு. ஒரு குறைவு இல்லை.

வினை அங்கேதான் பிடித்தது. மானிய விண்ணப்பத்தில் பதினான்காம் கட்டம்: "கடந்த ஐந்து ஆண்டுகளில் உயிரிழப்பு." ஒரு உயிராவது போயிருந்தால் இருபது மதிப்பெண். இவர் அங்கே பூஜ்ஜியம் போட்டார். வெறும் பூஜ்ஜியம் போதாது, யாராவது திருத்திவிடுவார்கள் என்று பக்கத்தில் எழுத்தாலும் எழுதினார். மூன்று வருஷம், மூன்று விண்ணப்பம், மூன்று பூஜ்ஜியம். மூன்று முறையும் "முன்னுரிமைப் பட்டியலில் இடம்பெறவில்லை" என்று பதில் வந்தது. பக்கத்து ஊரில் அதே மழையில் இரண்டு பேர் போனார்கள். அவர்களுக்கு இரண்டு ரப்பர் படகு, ஒரு சைரன், படகுக்கு ஒரு கொட்டகை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போய் இவர் அந்தப் படகுகளைப் பார்த்துவிட்டு வந்தார். காவலாளியிடம் கேட்டு ரப்பரை அமுக்கியும் பார்த்தார். நல்ல ரப்பர் என்று வந்து சொன்னார்.

இந்த வருஷம் அவசரம் வேறு. இன்னும் பதினான்கு மாதத்தில் ஓய்வு. முழங்கால் தேய்ந்துவிட்டது, அறுபத்து மூன்று கதவு என்பதை இப்போது ஒரே மூச்சில் நினைக்கக்கூட முடியவில்லை. அவருக்குப் பிறகு அந்த நாற்காலிக்கு ஆள் போடப்போவதில்லை என்று உத்தரவும் வந்துவிட்டது. அடுத்த முறை கரை உடைந்தால் பள்ளத்தெருவுக்குச் சொல்ல ஒன்று சைரன் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் யாரும் இல்லை. இதை அவர் யாரிடமும் சொல்லிப் புலம்பியதில்லை. படிக்கட்டில் கைப்பிடியைப் பிடித்து இறங்கும்போது மட்டும் முகத்தில் தெரியும்.

புதிதாக வந்திருக்கும் ஆணையர் அம்மாவுக்கு இவர் மகள் வயது. எந்தக் காகிதத்தையும் அடிக்குறிப்பிலிருந்து மேலே படிக்கிற பழக்கம் அவருக்கு. வெள்ளிக்கிழமைக்குள் விண்ணப்பம் போக வேண்டும்; புதன்கிழமை காலையில் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். பதினான்காம் கட்டத்துக்குக் கீழே எறும்பெழுத்தில் ஒரு வரி இருந்தது. நிவாரண முகாமில் ஏழு நாட்களுக்குள் நேர்ந்த இறப்பும் இதில் சேரும். பள்ளிக்கூடத்து முகாமில் இரண்டாம் நாள் காலையில் ஒருவர் நெஞ்சுவலியில் போனது முகாம் பதிவேட்டிலேயே இருந்தது. ஒன்பதாம் வீட்டு சைக்கிள் கடைக்காரர்.

"இந்த வரிய நீங்க பாக்கலையா சார்?"

"பாத்தேன் மேடம்."

"எப்போ?"

"முதல் வருஷமே."

ஆணையர் அம்மா பேனாவைக் கீழே வைத்தார். அவர் சத்தம் போடவில்லை. அழுத பிள்ளைக்குத்தான் பால் என்று ஊருக்கே தெரியும், நாம் ஏன் வாயை மூடிக்கொண்டு இருந்தோம் என்று மட்டும் கேட்டார். இவர் அது தண்ணீரால் வந்த சாவு இல்லை என்று தொடங்கினார், பாதியில் நிறுத்தினார், குடையைக் கையிலிருந்து கைக்கு மாற்றினார். குடும்பத்தில் ஒருவர் கையெழுத்து வாங்கி வாருங்கள் என்று சொல்லி ஒரு தாளைக் கொடுத்தார் அம்மா.

சைக்கிள் கடைக்காரரின் மனைவி அந்தக் கடையிலேயே இப்போது இஸ்திரி போடுகிறார். பஞ்சர் ஒட்டிய பலகையில் அடுத்தவர் சட்டைகள் விறைப்பாகக் கிடந்தன. சைரன் சார் குடையை மடக்கி ஓரமாக நின்று விஷயத்தைச் சொன்னார். அரைமணி நேரம் சொன்னார். கட்டம், மதிப்பெண், அடிக்குறிப்பு, முன்னுரிமைப் பட்டியல் எல்லாம் வந்தது. வர வேண்டியது மட்டும் வரவில்லை. அந்த அம்மா இரண்டு பேன்ட் முடித்துவிட்டார்.

"சுருக்கமா, எங்க வீட்டுக்காரர வெள்ளத்துல செத்தவர்னு போட்டா தெருவுக்கு சைரன் வரும். அதானே?"

"வரலாம், தங்கச்சி."

"போட்டுக்கோங்க. இருந்தவரைக்கும் தெருவுக்கு ஒரு துரும்பக் கிள்ளிப் போட்டதில்ல. செத்தாவது செய்யட்டும்."

கையைத் துடைத்துக்கொண்டு கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். வேலை முடிந்தது. ஆனால் இவர் போகவில்லை. தாளை நான்காக மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

"அன்னைக்கு அவரு ஜன்னல்ல மாத்திரை டப்பா இருக்கு, எடுத்துட்டு வந்துடறேன்னாரு. நான்தான் சாமான் அப்புறம்னு கையப் புடிச்சு இழுத்துட்டேன்."

"தெரியும் சார். நானும் பக்கத்துலதான நின்னேன்."

இஸ்திரிப் பெட்டி ஒரு காலர்மேல் போய் வந்தது. மூன்று வருஷமாக அந்தக் கட்டத்தில் போட்ட பூஜ்ஜியத்தைப் பெருமை என்று ஊர் நினைத்திருந்தது. அவரே பாதி அப்படித்தான் நினைத்திருந்தார். அது பயம் என்பது இந்த இஸ்திரிக் கடை வாசலில்தான் முழுசாக விளங்கியது. அங்கே ஒன்று போட்டால் எதனால் என்று பதினைந்தாம் கட்டம் கேட்கும். அதற்கு அவரிடம் பதில் இருந்தது, அதுதான் தொல்லை.

"டப்பாவ எடுக்கப் போனா அந்த மனுஷன் சும்மா வருவாரா? கூடவே சீட்டுக்கட்டயும் தேடுவாரு" என்றார் அந்த அம்மா, தலை நிமிராமல். "உங்க ரெண்டு பேரையும் சேத்து தண்ணி கொண்டு போயிருக்கும். நீங்க இழுத்தது சரிதான்."

"இருந்தாலும்..."

"இருந்தாலும்தான். அதுக்கு நான் என்ன சொல்றது, சார்?"

அவர் அலுவலகத்துக்கு நடந்தார். வழியில் நாலு சாக்கடை மூடிகள் தட்டு வாங்காமல் தப்பின.

வியாழக்கிழமை ஆணையர் அறையில் உட்கார்ந்து விண்ணப்பத்தை நிரப்பினார். பதினான்காம் கட்டத்தில் ஒன்று என்று எழுதினார்; பழக்கதோஷத்தில் எழுத்தாலும் எழுதினார். பதினைந்தாம் கட்டத்தில், காரணம்: "நெஞ்சுவலி. மாத்திரை வீட்டில் இருந்தது. எடுக்க அலுவலர் அனுமதிக்கவில்லை." ஆணையர் அம்மா அதைப் படித்துவிட்டு, கடைசி வரி தேவையா சார் என்று மெல்லக் கேட்டார்.

"காரணம்னு கேட்டிருக்கு, மேடம்."

அம்மா தாளைத் திருப்பினார். அடுத்த பக்கம், தேவைப்படும் பொருள்களின் பட்டியல். பத்துப் பொருளுக்கு மேல் எழுதக் கூடாது என்பது விதி. சைரன், மோட்டார், கயிறு, ஸ்ட்ரெச்சர் என்று ஒன்பது வரி போக, பத்தாவது வரியில் பிரிவு அலுவலருக்கு மழைக்கோட்டும் முழங்கால் பூட்ஸும் என்று போன வருஷமே தட்டச்சாகியிருந்தது. ஸ்கேல் வைத்து அந்த வரியை அடித்தார். மேலே எழுதினார்: "தண்ணீர் புகாத மாத்திரை டப்பா, கழுத்தில் மாட்டும் கயிற்றுடன்." எண்ணிக்கை என்ற இடத்தில் அறுபத்து மூன்று.

பள்ளத்தெரு நோட்டு மேசைமேல்தான் விரிந்து கிடந்தது. ஆணையர் அம்மா ஒன்பதாம் வீட்டுக்கு நேரே விரலை வைத்தார்.

"இங்க அந்த அம்மா மட்டும்தான் இருக்காங்க. மாத்திரை ஏதும் சாப்பிடறதில்லன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. அறுபத்திரெண்டு போதுமே சார்?"

சைரன் சார் எண்ணைத் திருத்தாமல் விண்ணப்பத்தை அவர் பக்கமாகத் திருப்பி வைத்தார். மூடியைக் கழற்றிப் பேனாவை அவர் கையில் கொடுத்துவிட்டு, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் விரலை வைத்துக்கொண்டு காத்திருந்தார்.