பேட்டரி வரும்வரை

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்த அன்று, எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரி என்ற மிதப்போடுதான் சர்வர் அறைக்குள் நுழைந்தேன். தரையில் சம்மணமிட்டிருந்த ஒரு பெண், உப்பிப்போன சின்ன பேட்டரி ஒன்றைத் தூக்கிக் காட்டினார்.

"வா தம்பி, நல்ல நேரம் பாத்து வந்திருக்கே. இது செத்துப்போச்சு."

கூடத்தின் டேட்டாபேஸ் அந்த அக்காவின் பொறுப்பு. பரிசோதனை முடிவுகளை டிஸ்க்குகளுக்கு அனுப்பும் ரெய்டு கார்டு, அவற்றை முதலில் தன் நினைவகத்தில் வாங்கிக்கொண்டு, உடனே "எழுதியாச்சு" என்று சொல்லிவிடும். டிஸ்க்கில் எழுதுவது பிறகுதான். நடுவில் மின்சாரம் போனால் அந்த நினைவகத்தைக் காப்பது இந்த பேட்டரி. அது செத்ததும் கார்டு உஷாராகி, ஒவ்வொன்றையும் டிஸ்க்கில் எழுதிய பிறகே பதில் சொன்னது. கூடமே ஊர்ந்தது. பேட்டரி இல்லாமலே பழைய வேகத்துக்கு மாற்றவும் வழி இருந்தது. அக்கா மாற்றவில்லை.

கவுன்டரில் இருந்த அவருடைய நாத்தனார் வந்து நின்றார். "அண்ணி, வரிசை வாசலத் தாண்டிடுச்சு. ஜனங்க என்னைப் பிச்சுத் திங்குறாங்க. அதை மாத்தினா உங்க கை தேஞ்சா போயிடும்?"

"டிஸ்க்தான் ரெண்டு இருக்கே அக்கா, ஒண்ணோட நகல் இன்னொண்ணுல..." என்று நானும் சேர்ந்துகொண்டேன்.

"டிஸ்க்குக்கே வந்து சேராததை ரெண்டா வெச்சா என்ன, பத்தா வெச்சா என்ன? 'சேமிச்சாச்சு'ன்னு திரையில வந்ததும் ரத்த டியூபைத் தூக்கிப் போட்டுடுவாங்க. அப்புறம் மறுபடி யார் கையில ஊசி குத்தறது?"

மேலாளர் கத்தினார். "யுபிஎஸ் இருக்கேம்மா! நீ மாத்தலைன்னா வேற ஆளைப் பாத்துக்கறேன்."

"யுபிஎஸ்ஸும் ஒருநாள் கைவிடும் சார். வேற ஆளைப் பாத்துக்கோங்க, என் கையால மாத்த மாட்டேன்."

வேறு ஆள் வருவதற்குள் புது பேட்டரி வந்து, பழைய வேகமும் தானாகத் திரும்பிவிட்டது. அதுவரை மின்சாரம் ஒரு தடவைகூடப் போகவில்லை.

"போகவே இல்லையே அண்ணி! சும்மா எங்களை வதைச்சீங்க."

"போகலைன்னா நல்லதுதானே? போகணும்னு நான் வேண்டிக்கிட்டா இருந்தேன்?" அக்கா சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது.

ஏதாவது தொலைந்திருந்தால் அவர் பக்க நியாயம் எல்லோருக்கும் விளங்கியிருக்கும். தொலையாமல் போனதைக் காட்ட அவரிடம் எதுவுமில்லை. மேலாளர், தான் மிரட்டியபடியே அக்காவை அந்த வேலையிலிருந்து மாற்றினார்.

இப்போது அக்கா இரண்டாவது கவுன்டரில், நாத்தனாருக்குப் பக்கத்தில், முடிவுத்தாள்களை எடுத்துக் கொடுக்கிறார். சர்வர் அறை என் பொறுப்பில் இருக்கிறது. பேட்டரி செத்தால் வேகத்தைக் குறைக்கும் அந்த அமைப்பை நானும் மாற்றவில்லை.