ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒரு ஸ்வெட்டர்

பீன்ஸ் பாத்தியில் களையே இல்லை. இருந்தும் அவள் குந்தி உட்கார்ந்து பிடுங்கிக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, நேத்தும் அங்கதான் பிடுங்கினீங்க, முந்தாநாளும் அங்கதான். இன்னும் எதப் பிடுங்கறீங்க, மண்ணையா?"

வேலிக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுக்காரர் நின்றிருந்தார். முப்பத்தைந்து வருடம் தபால் கொடுத்த மனிதர். ஓய்வு பெற்றபின் கொடுக்கத் தபால் இல்லாததால் யோசனை கொடுத்துக்கொண்டிருந்தார்.

"வேர் உள்ள ஓடியிருக்கும்ணே."

"வேரா? உங்க தக்காளியப் பாருங்க, மஞ்சளாப் போச்சு. தண்ணி இல்லாமச் செத்த செடிய நான் பாத்திருக்கேன். நீங்க ஊத்தி ஊத்தியே சாகடிக்கிறீங்க. காலைல ஒரு வாளி, மத்தியானம் ஒரு வாளி. அது செடியா, வாத்தா?"

அவள் சிரித்து வைத்தாள். உண்மையைச் சொல்ல முடியுமா? தக்காளி நிற்கிற இடத்தில் நின்றால்தான் மாடி ஜன்னல் முழுசாகத் தெரியும். பீன்ஸ் பாத்தியிலிருந்து பாதிதான். கீரைப் பக்கம் போனால் கூரை விளிம்பு மறைத்துவிடும். தண்ணீர் ஊற்றுகிற சாக்கில் தலையைத் தூக்கிப் பார்க்கலாம். ஜன்னலில் சாம்பல் நிறத் திரை. திரைக்குப் பின்னால் அவளுடைய ஒரே மகன், இருபத்தெட்டு வயது. ஐந்து மாதமாக அறைக்குள்ளேயே இருக்கிறான். ஆள் நடமாட்டம் இல்லாத நேரம் பார்த்து எதிரிலிருக்கும் குளியலறைக்குப் போய் வருவான், அவ்வளவுதான். வாசலில் வைக்கும் தட்டு சில நாள் காலியாக இருக்கும், பல நாள் வைத்தது வைத்தபடி இருக்கும். திரை ஒரு விரற்கடை நகர்ந்தால் அன்றைக்கு அவளுக்குச் சாப்பாடு இறங்கும்.

மருந்துக் கடையில் வேலை பார்த்தவன். ஒரு குழந்தைக்கு அரை அளவு என்று எழுதி ஒட்ட வேண்டிய பாட்டிலில் முழு அளவு என்று ஒட்டிவிட்டான். குழந்தை மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து, பிழைத்து, வீட்டுக்கும் போய்விட்டது. வேலையை விட்டு அவனை யாரும் நிறுத்தவில்லை. "ரெண்டு வாரம் லீவு எடுத்துட்டு வாப்பா" என்றுதான் முதலாளி சொன்னார். அந்த இரண்டு வாரம் இன்னும் முடியவில்லை.

அவள் பெரிய படிப்புப் படித்தவள் இல்லை. இருபத்திரண்டு வருடம் ஒரு ஓட்டலின் சலவைப் பிரிவில் படுக்கை விரிப்பு மடித்தவள். இரண்டு பேர் எதிரெதிரே நின்று மடிக்க வேண்டிய விரிப்பை மோவாயில் ஒரு முனையை இடுக்கிக்கொண்டு தனியாகவே மடித்துவிடுவாள். அந்தக் கெட்டிக்காரத்தனத்துக்கு மணிக்கட்டு பலியானது. இரண்டு வருடத்துக்கு முன் வேலையை விட்டாள். எந்தக் கறை எதைப் போட்டால் போகும் என்று அவளுக்குத் தெரியும். மகனை என்ன செய்தால் வெளியே வருவான் என்பது மட்டும் தெரியவில்லை. கெஞ்சிப் பார்த்தாள், அழுது பார்த்தாள், பேசாமல் இருந்து பார்த்தாள். கல்லில் நார் உரிக்கிற கதைதான்.

அன்று திங்கட்கிழமை. மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்த கணவர் தட்டின் முன் உட்கார்ந்ததும் சொன்னார். டவுன் பஸ் ஓட்டுகிறவர். எதுவும் நேரத்துக்கு வந்து நேரத்துக்குப் போக வேண்டும் அவருக்கு.

"அஞ்சு மாசம் பொறுத்தாச்சு. வர்ற ஞாயித்துக்கிழமை எனக்கு லீவு. கதவக் கழட்டப் போறேன். கீலு, தாழ்ப்பா எல்லாத்தையும். கதவே இல்லாத ரூம்ல எப்படி ஒளிஞ்சிக்கிறான்னு பாக்கறேன்."

"வற்புறுத்த வேணாம்னு டாக்டர் சொல்லியிருக்காருங்க."

"டாக்டர் வீட்ல யாரும் உள்ள தாழ்ப்பா போட்டுக்கல. அவருக்கென்ன, சொல்லுவாரு."

"கொஞ்சம் மெதுவாப் பேசுங்க, கேக்கப் போவுது."

"கேக்கட்டும். கேக்கணும்னுதான பேசறேன்!"

இவர் கதவை உடைத்துக்கொண்டு உள்ளே போனால் அவன் எந்தப் பக்கம் போவான்? மாடி ஜன்னலுக்குக் கம்பி கிடையாது. அந்த எண்ணத்தை அவள் அதற்குமேல் ஓடவிடவில்லை. எழுந்து போய்த் தக்காளிக்கு மூன்றாவது வாளி ஊற்றினாள்.

சாயங்காலம் தங்கை போன் பண்ணினாள். சின்ன வயதிலிருந்தே தங்கை வாயில் அவளுக்குப் பெயர் 'அரைகுறை'.

"என்ன அரைகுறை, பையன் வெளிய வந்தானா?"

"இல்லடி."

"எப்படி வருவான்? நீ எதையாவது முழுசா முடிச்சிருக்கியா? நேத்து அழுத, இன்னிக்குத் திட்டற, நாளைக்கு விட்டுட்டுப் போய்ச் செடிக்குத் தண்ணி ஊத்தற. ஒண்ணுலயும் நிலையா நிக்க மாட்ட. பாவம் அந்தப் புள்ள, வருஷா வருஷம் ஒரு ஸ்வெட்டர் கேட்டான். அதையாவது பின்னிக் குடுத்தியா?"

போனை வைத்த பிறகும் அந்தக் கேள்வி காதிலேயே நின்றது. கல்லூரியில் சேர்ந்த வருடம் அவனுக்கென்று தொடங்கிய கருநீல ஸ்வெட்டர் அது. ஓட்டலில் இரண்டு ஷிப்ட் பார்க்க ஆரம்பித்ததும் நின்றுபோனது. குளிர் தொடங்கினால் போதும், "அம்மா, என் ஸ்வெட்டர் வந்துடுச்சா? இல்ல, என் பேரனுக்குத்தானா?" என்று கேட்டுச் சிரிப்பான்.

பழைய பெட்டியைக் கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்தாள். உள்ளே ஓரம் கட்டாத சால்வை ஒன்று. குஞ்சம் வைக்காத மப்ளர், கணவருக்கென்று தொடங்கியது. ஒற்றைக் காலுறை. பக்கத்து வீட்டுக் குழந்தைக்கென்று ஆரம்பித்த குல்லாய். அந்தக் குழந்தை இப்போது வண்டி ஓட்டப் பழகுகிறது. எல்லாவற்றுக்கும் அடியில் கருநீலம்: முதுகுப் பக்கம், ஒரு முன்பக்கம், ஒரு கை. இன்னொரு முன்பக்கமும் இன்னொரு கையும் பாக்கி.

ஸ்வெட்டரைக் கதவு வழியாக அளவு பார்க்க முடியாது. தோளில் வைத்துப் பார்க்க வேண்டும், கை நீளம் பார்க்க வேண்டும். 'ஒரே நிமிஷம் வந்து நில்லுடா' என்று கூப்பிட ஒரு நியாயம் கிடைக்கும். பத்து வருடமாகக் கேட்டவன், முடிந்துவிட்டது என்றால் ஒரு எட்டு வைக்க மாட்டானா? நூல் தடிமன், ஊசி பெரிசு. விடாமல் பின்னினால் சனிக்கிழமைக்குள் முடியும்.

கை பழகட்டும் என்று அன்றைக்கே சால்வைக்கு ஓரம் கட்டினாள், மப்ளருக்குக் குஞ்சம் வைத்தாள். செவ்வாய் காலை கருநீலத்தைக் கையிலெடுத்தாள். அளவெல்லாம் எழுதிய தாள் மடிப்பில் கிழிந்து இரண்டாகக் கிடந்தது. ஒட்ட நேரமில்லை. அடுப்படியில் நின்றபடி பின்னினாள், வாஷிங் மெஷின் சுற்றும்போது பின்னினாள். மணிக்கட்டுக்கு ஈரத்துணி சுற்றிக்கொண்டு பின்னினாள். கணவர் வந்து பார்த்துவிட்டு, "வீடு பத்தி எரியுது, நீ கம்பளி பின்னிட்டு உக்காந்திருக்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

தோட்டத்துப் பக்கம் எட்டியே பார்க்கவில்லை. வியாழக்கிழமை தபால்காரர் வேலியைத் தட்டி, "காயா இருந்தாலும் பரவால்ல, பறிச்சிடுங்கம்மா. நாளைக்கு உறைபனி விழும்னு சொல்றாங்க" என்று கத்தினார். தலையாட்டினாள், பறிக்கவில்லை. வெள்ளிக்கிழமை காலையில் பார்த்தால் பீன்ஸ் கொடி வேகவைத்த கீரை மாதிரி கறுத்துத் தொங்கியது. தக்காளி தொட்டால் தண்ணீராக வழிந்தது. செடி போனதைவிட ஒன்றுதான் அவளைக் குத்தியது: இனி அங்கே போய் நிற்க ஒரு சாக்குகூட இல்லை. வெறும் மண்ணுக்கு யார் தண்ணீர் ஊற்றுவார்கள்?

சனிக்கிழமை பதினோரு மணிக்குக் கடைசிக் கண்ணியை முடித்து நூலை வெட்டினாள். சாப்பாட்டு மேஜையைத் துடைத்து, முதுகுப் பக்கத்தை விரித்து, அதன்மேல் இரண்டு முன்பக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். வைத்தவள் அப்படியே நின்றாள்.

இரண்டுக்கும் கை வைக்கிற வளைவு ஒரே பக்கம் இருந்தது.

ஒன்றை எடுத்துத் திருப்பிப் போட்டாள். வளைவு சரியாக வந்தது, ஆனால் பின்னலின் உள்பக்கம் வெளியே வந்து முண்டும் முடிச்சுமாகப் பல்லிளித்தது. கிழிந்த தாளை ஓடிப்போய் எடுத்தாள். மடிப்பு கிழிந்த இடத்தில், பாதி எழுத்துப் போன ஒரே ஒரு வரி: வலது பக்கத்தை இதேபோல் இடம் மாற்றிப் பின்னவும். பத்து வருடத்துக்கு முன் பின்னி வைத்ததும் இடது பக்கம். இந்த ஐந்து நாளில் மணிக்கட்டு வீங்கப் பின்னியதும் இடது பக்கம்.

புதிதாக ஒன்று பின்ன மூன்று நாள் வேண்டும். இருப்பது ஒரு நாள். இரண்டு இடது பக்கத்தையும் மார்போடு அணைத்துக்கொண்டு மாடிப்படி ஏறினாள். எதற்கு ஏறுகிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை. கதவில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்தாள்.

"கண்ணா, உன் ஸ்வெட்டர முடிக்கலாம்னு பாத்தேன்டா." "தப்பாப் பின்னிட்டேன். ரெண்டும் இடது. எழுதியிருந்ததச் சரியாப் படிக்கல. அஞ்சு நாளா உக்காந்து இடதையே பின்னியிருக்கேன்."

அவளுக்கு அழுகை வந்தது. அழுகையோடு சிரிப்பும் வந்தது. அந்தச் சிரிப்பு அவளையே பயமுறுத்தியது.

கதவுக்குப் பின்னால், மிகக் கிட்டத்தில், குரல் கேட்டது. பேசிப் பழக்கம் விட்ட குரல்.

"ரெண்டுமா?"

"ரெண்டும்டா."

"இப்ப என்ன செய்வ?"

"என்ன செய்யறது, பிரிச்சுத்தான் ஆகணும். பிரிச்சாத் திரும்பப் பின்னலாம். நூலுக்கு என்ன, நூல் அப்படியேதான் இருக்கு."

புதிதாகப் பின்னியதன் முனையைப் பிடித்து இழுத்தாள். வரிசை வரிசையாகக் கண்ணிகள் கழன்று நூல் நெளிநெளியாக மடியில் விழுந்தது. அதை முழங்கைக்கும் கட்டை விரலுக்குமாகச் சுற்றி வளையமாக்கினாள். வளையத்தை உருண்டையாகச் சுற்ற வேண்டும். யாராவது இரண்டு கையில் மாட்டிப் பிடித்தால்தான் சிக்கு விழாது. வழக்கமாக நாற்காலி முதுகில் மாட்டுவாள். நாற்காலி கீழே இருந்தது.

"டேய், கை குடுடா. ஆள் வர வேணாம். கை மட்டும் போதும். நூலப் பிடிக்க ஆளில்ல."

எவ்வளவு நேரம் என்று தெரியாது. தெருவில் ஒரு வண்டி பின்பக்கமாக நகர்கிற பீப் சத்தம் தொடங்கி, முடிந்தது. தாழ்ப்பாள் நகர்ந்தது. கதவு ஒரு சாண் திறந்தது. முழங்கை வரை இரண்டு கைகள் வெளியே வந்தன.

நகம் வளர்ந்திருந்தது. மணிக்கட்டு எலும்பு துருத்திக்கொண்டு நின்றது. அவள் முகத்தைத் தூக்கி இடுக்கில் பார்க்கவில்லை. பார்த்தால் கை போய்விடும். வளையத்தை மாட்டினாள், சுற்றத் தொடங்கினாள். எவ்வளவு மெதுவாகச் சுற்ற முடியுமோ அவ்வளவு மெதுவாகச் சுற்றினாள். நூல் ஒரு பக்கத்திலிருந்து கழலும்போது அந்தக் கை தானாகவே கொஞ்சம் சாய்ந்து கொடுத்தது. கால் மணி நேரம். நூல் தீர்ந்தது. கைகள் உள்ளே போயின, தாழ்ப்பாள் விழுந்தது.

வேலை முடிந்து வந்த கணவரிடம் மூச்சு வாங்கச் சொன்னாள்.

"கைதான வந்துச்சு, ஆள் வரலையே" என்றார் அவர். ஆனால் குரல் முன்மாதிரி இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, "நாளைக்குன்னா நாளைக்குத்தான்" என்று யாருக்கோ சொல்வதுபோல் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிக்கே அவள் பெட்டியோடு கதவின் முன் உட்கார்ந்துவிட்டாள்.

"கண்ணா, இன்னொண்ணு இருக்குடா. கொஞ்சம் பிடிக்கிறியா?"

"அதையுமா தப்பாப் பின்னிட்ட?"

மடியில் சால்வை கிடந்தது. ஓரம் கட்டி ஆறு நாள்தான் ஆகிறது. ஒரு கண்ணிகூடப் பிசகில்லாத சால்வை. அவள் வாழ்க்கையில் அப்படி ஒன்று அமைந்ததில்லை.

"ஆமாண்டா" என்றாள். "இதுவும் தப்பு."

கதவு திறந்தது. கைகள் வந்தன. சால்வை போனது, குல்லாய் போனது, காலுறை போனது. நடுநடுவே ஓரிரண்டு வார்த்தை விழுந்தது. "வலிக்குதா உனக்கு?" "இல்லடா." "மெதுவாச் சுத்து." பத்து மணிக்குப் படியில் செருப்புச் சத்தம் கேட்டபோது அவள் மப்ளரைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

ஒரு கையில் ஸ்க்ரூடிரைவரும் மறு கையில் சுத்தியுமாகக் கணவர் மேலே வந்தார். கடைசிப் படிக்கு இரண்டு படி கீழேயே நின்றுவிட்டார். கதவிடுக்கில் நீட்டியிருந்த இரண்டு கைகளைப் பார்த்தார். ஐந்து மாதத்துக்குப் பிறகு பார்க்கிறார். பிறகு அவள் மடியில் கிடந்ததைப் பார்த்தார்.

"அது என் மப்ளர்ல? அதுல என்ன..."

அவள் முறைத்த முறைப்பில் மிச்சத்தை விழுங்கினார். கைகள் உள்ளே இழுத்துக்கொள்ளப் பார்த்தன. நூல் தொய்ந்தது. கணவர் சத்தமில்லாமல் சுத்தியைப் படியில் வைத்தார், ஸ்க்ரூடிரைவரை அதன் பக்கத்தில் வைத்தார், தானும் அங்கேயே உட்கார்ந்தார். கைகள் போகவில்லை.

மப்ளர் குறைந்துகொண்டே வந்தது. பெட்டியில் கையை விட்டுத் துழாவினாள். கருநீலத்தில் மிச்சமிருந்த முதுகும் ஒரு முன்பக்கமும் கைகளும்தான் தட்டுப்பட்டன. அவன் ஸ்வெட்டரில் சரியாக வந்ததை அவள் பிரிக்க மாட்டாள். வேறொன்றுமில்லை. திரும்பிக் கணவரைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் இருந்ததை அவர் எப்படிப் புரிந்துகொண்டாரோ, போட்டிருந்த பழுப்பு ஸ்வெட்டரைத் தலைவழியாகக் கழற்றினார். கல்யாணமான முதல் குளிருக்கு அவள் பின்னிக் கொடுத்தது. முழங்கை இரண்டிலும் ஒட்டுப் போட்டு இன்றும் டூட்டிக்குப் போட்டுக்கொண்டு போவார்.

"இதுவும் தப்புதான்" என்றார், கதவுக்குக் கேட்கிற மாதிரி. "ஒரு கை நீளம், ஒரு கை குட்டை. முப்பது வருஷமாச் சொல்லணும்னு இருந்தேன், பயந்துக்கிட்டுச் சொல்லல."

இடுக்குக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. இருமலா வேறெதுவுமா என்று அவளால் சொல்ல முடியவில்லை.

மப்ளரின் கடைசி முழம் உருண்டையில் ஏறியது. அவள் ஸ்வெட்டரை உள்பக்கமாகத் திருப்பி, கழுத்தை விரித்து, நூல் முடிகிற முனையைத் தேடினாள். அங்கிருந்து பிடித்தால்தான் பிரியும், வேறு எங்கே இழுத்தாலும் இறுகும். புதுசில் அது என்றைக்கும் அவிழக் கூடாது என்று அவளே எங்கேயோ உள்ளே செலுத்தி மறைத்திருந்தாள். கண்ணாடி கீழே இருந்தது. எழுந்து போக முடியாது. நகத்தால் ஒவ்வொரு கண்ணியாக நிமிண்டிக்கொண்டே வந்தாள். வெறும் கைகள் இரண்டும் இடுக்கில் நீண்டபடி இருந்தன.

"இருடா, போயிடாத," என்றாள், "முனை இங்கதான் எங்கயோ இருக்கு."