நெல் தூற்றியவர் பாய்ப்படகு வாங்கிய கதை

இன்று முரசுமோட்டையிலிருந்து முல்லைத்தீவுக்குப் போய், கடலை ஒட்டிய களப்புக் கரையில் ஒரு பழைய சின்னப் பாய்ப்படகு பார்த்தோம். வயல் வேலை இல்லாத நாட்களில் தண்ணீரில் உலாவ வேண்டும் என்று எங்கள் வீட்டுக்காரருக்குத் திடீர் ஆசை.

மாடு வாங்கப் போனவர் போலப் படகைச் சுற்றிச் சுற்றி வந்தார். பலகையைத் தட்டினார், குனிந்து அடியைப் பார்த்தார். பல்லைப் பிடித்துப் பார்க்காததுதான் குறை.

விற்கிற தம்பி கேட்டார்: "அண்ணை, முந்திப் பாய்ப்படகு ஓடியிருக்கிறியளோ? நானும் கூட வரட்டோ?"

"தேவையில்லைத் தம்பி. எத்தினை போகம் நெல்லுத் தூத்தினனான், எனக்குக் காத்துத் தெரியாதோ?"

தெரிந்துதான் இருந்தது. பாயை விரித்ததும் படகு வழுக்கிக்கொண்டு போனது. பயந்துகொண்டு ஏறிய எனக்கே சிரிப்பு வந்துவிட்டது, அவ்வளவு சுகம்.

அக்கரையில் மணலில் முட்டி நின்றோம். சோழகக் காற்று இன்னும் அதே பக்கம்தான் அடித்தது. கயிற்றை இழுத்தார், பாயைத் திருப்பினார், படகை மாட்டைப் போல அதட்டியும் பார்த்தார். அசையவில்லை.

தூற்றிய பதர் திரும்பி வரத் தேவையில்லை. நாங்கள் வர வேண்டியிருந்தது.

தம்பி அந்தக் கரையிலிருந்து போன் எடுத்தார். "அண்ணை, படகு பிடிச்சிருக்கோ?"

"ஓம் தம்பி, நல்லாப் போகுது. நானே எடுக்கிறன்."

"அப்ப திரும்பி வாங்கோவன், கதைப்பம்."

இவர் போனை என்னிடம் நீட்டிவிட்டார்.

களப்பைச் சுற்றி ஓட்டோவில் வந்து படகை வாங்கியாயிற்று. அது இன்னும் அக்கரையில்தான் நிற்கிறது. "வாடைக் காத்து இந்தப் பக்கம் அடிக்கத் துவங்கட்டும், அது தானா வரும்" என்கிறார்.

அக்கரையில் இருக்கிறவர்களே, அதுவரை ஒரு கண் வைத்துக்கொள்வீர்களா?