இலவசச் சாப்பாட்டுக்கு வெள்ளி முள்கரண்டி

சனிக்கிழமை விடிந்தால் ஓடெட் பெல்வோவை வீட்டில் பார்க்க முடியாது. வீட்டுக்காரர்களே பழைய சாமானைப் பரப்பி விற்கிற கராஜ் சேல் ஒன்பது மணிக்கு என்று கம்பத்தில் அட்டை ஒட்டியிருக்கும். அவள் ஏழு மணிக்கே அந்த வீட்டு வாசலில் காரை நிறுத்தி, பிளாஸ்க் காப்பியைக் குடித்தபடி கராஜ் கதவு மேலே ஏறுவதற்குக் காத்திருப்பாள். ஃபெல்டன் ஊரில் யார் இறந்துபோனார், யார் வீட்டை விற்றுவிட்டு ஃப்ளோரிடாவுக்குக் கிளம்புகிறார், எந்தத் தம்பதி சாமானைப் பங்கு பிரிக்கிறது என்பதெல்லாம் பாதிரியாருக்கும் முன்பே அவளுக்குத் தெரிந்துவிடும். அறுபத்தாறு வயது. குட்டை உருவம். ஆண்கள் போடுகிற கட்டம் போட்ட கம்பளிச் சட்டை. அதன் பையில் ஒரு காந்தம்.

அவளுக்கு வேண்டியது வெள்ளி மட்டும். மேசைகளில் பரப்பியிருக்கும் விளக்குகளையும் பொம்மைகளையும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள். சமையலறைச் சாமான் கிடக்கிற அட்டைப்பெட்டிக்குள் நேராகக் கையை விடுவாள். எவர்சில்வர் கரண்டிகளுக்கு நடுவே கறுத்துப்போன ஒன்று அகப்பட்டால் முகத்தில் ஒன்றும் காட்டிக்கொள்ள மாட்டாள். காந்தத்தை வைத்துப் பார்ப்பாள். ஒட்டினால் திரும்பப் போட்டுவிடுவாள். ஒட்டாவிட்டால் காம்பின் முதுகைக் கட்டைவிரலால் தடவுவாள். அங்கே குத்தியிருக்கும் வெள்ளிக்கான முத்திரை அவள் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே விரலுக்குத் தெரியும்.

விரலுக்கு அந்தப் பழக்கம் சும்மா வந்ததல்ல. ஆற்றோரத்தில் இருந்த வெள்ளிச் சாமான் ஆலையில் இருபத்திரண்டு வருஷம் சோதனை மேசையில் உட்கார்ந்தவள் அவள். மெருகேறி வரும் கரண்டிகளில் கீறல் எங்கே, பிசிறு எங்கே என்று தடவிப் பார்த்துத் தள்ளுவதுதான் வேலை. எத்தனையோ கல்யாணப் பரிசுகள் அவள் கையைத் தாண்டிப் போயின. அவள் வீட்டில் மட்டும் வெள்ளி என்று ஒரு டீ ஸ்பூன்கூடக் கிடையாது. வேலை முடிந்து வெளியே வரும்போது வாசலில் ஒவ்வொருத்தி பையையும் திறந்து பார்ப்பார்கள். ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், ஆலையை மூடியாயிற்று, திங்கட்கிழமை வரவேண்டாம் என்றார்கள். அன்றைக்கும் பையைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் அனுப்பினார்கள்.

அந்தக் குளிர்காலத்தில்தான் ஓடெட் முதன்முதலாகப் புனித அன்னா தேவாலயத்தின் கீழ்த்தளத்துக்கு இறங்கிப் போனாள். புதன்கிழமை மாலை அங்கே இலவசச் சாப்பாடு. ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் அவள் பக்கத்தில் உட்காருகிறவர்களே அன்று ஏப்ரன் கட்டிக்கொண்டு பரிமாறினார்கள். காகிதத் தட்டில் மாட்டிறைச்சித் துண்டு, மசித்த உருளைக்கிழங்கு, பட்டாணி. பிளாஸ்டிக் முள்கரண்டியால் இறைச்சியைக் குத்தினாள். இரண்டு முள் ஒடிந்து, ஒன்று எதிரே இருந்தவர் தட்டில் போய் விழுந்தது. அந்த மனிதர் ஒன்றுமே நடக்காதது போல அதைப் பொறுக்கி ஓரமாக வைத்துவிட்டு, தன் இறைச்சியைக் கையால் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டார். மற்றவர்களும் அப்படித்தான் சாப்பிடுகிறார்கள் என்பதை அவள் அப்போதுதான் கவனித்தாள்.

வீட்டுக்கு நடந்து வந்த வழியெல்லாம் அவளுக்குக் கோபம் தாங்கவில்லை. சாப்பாடு போடுகிறவர்கள் நல்லவர்கள்தான், அதை அவள் மறுக்கவில்லை. ஆனால் வெட்டாத கத்தியையும் குத்தாத முள்ளையும் கையில் கொடுத்தது, கிடைத்ததைத் தின்றுவிட்டுப் போ என்று சொன்ன மாதிரியே இருந்தது.

வசந்தத்தில் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிற வேலை கிடைத்தது. முதல் சம்பளத்தில் கையுறை வாங்கலாம் என்று பழைய சாமான் கடைக்குப் போனவள், வாசலுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் கரண்டிகள் குவிந்திருப்பதைப் பார்த்தாள். எதை எடுத்தாலும் ஒரே விலை. சும்மா கையை விட்டுத் துழாவினாள். விரல் நின்றுவிட்டது. காம்பில் ஓக் இலை போட்ட முள்கரண்டி. கரி மாதிரி கறுத்திருந்தாலும் அது சுத்த வெள்ளி, அவள் மேசையைத் தாண்டிப் போன சரக்கு. கையுறையை மறந்துவிட்டு அதை வாங்கிக்கொண்டு வந்தாள்.

ஒரு முள்கரண்டியைக் கொண்டுபோய் யாருக்குக் கொடுப்பது? புதன்கிழமை சாப்பிட வருகிற நாற்பது பேருக்கும் கத்தி, முள்கரண்டி, ஸ்பூன் சேரும் வரைக்கும் ஒன்றைக்கூட வெளியே எடுப்பதில்லை என்று முடிவு கட்டினாள். நாலு வருஷம் பிடித்தது. ஒன்றுக்கொன்று ஜோடி கிடையாது. ஒன்றில் ரோஜா, ஒன்றில் சிப்பி, பாதிக்கு மேல் யார் யாருடைய பெயர் எழுத்தோ செதுக்கியிருந்தது. அலுமினியத் தாள் விரித்த சட்டியில் வெந்நீரும் சோடா உப்பும் போட்டு முக்கி எடுத்தாள். எல்லாம் ஒரே வெள்ளையாக மினுங்கின.

முதல் புதன்கிழமை அவற்றைக் காகிதத் தட்டுகளுக்குப் பக்கத்தில் வைத்தபோது, வந்தவர்கள் உட்காராமல் நின்றார்கள். கூரை வேய்கிற வேலையில் விழுந்து இடுப்பு ஒடிந்துபோன டுவேன்தான் முதலில் கேட்டான்.

"மேடம், இது நெஜ வெள்ளியா?"

"ஆமா. அதுக்கென்ன?"

"நாங்க பாக்கெட்ல போட்டுட்டுப் போயிட்டா?"

"போறதுன்னா போ. மொதல்ல அந்தக் கறிய மனுஷன் மாதிரி வெட்டிச் சாப்பிடு."

டுவேன் உட்கார்ந்தான். மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். அன்று அந்தக் கீழ்த்தளத்தில் எழுந்த சத்தமே வேறு. பிளாஸ்டிக்குக்கு ஏது சத்தம்!

இப்படியே பல வருஷம் ஓடியது. அவ்வப்போது ஒன்றிரண்டு காணாமல் போகும், அவள் சனிக்கிழமை போய் வேறு தேடிக்கொண்டு வருவாள். தொந்தரவு வந்தது வெள்ளி விலை ஏறியபோது. அதுவரை கராஜ் சேல்களில் அவளுக்குப் போட்டி கிளென் ஹாஸ்கெட் ஒருத்தன்தான். பழைய வெள்ளியை வாங்கி உருக்க அனுப்புகிறவன்.

"ஓடெட், நீ உருக்கவும் மாட்டே, விக்கவும் மாட்டே. எதுக்கு என் பொழப்புல மண்ணப் போடுற?" என்பான்.

"உன் பொழப்பு நான் செஞ்சதையெல்லாம் அழிக்கிற பொழப்பு. மண்ணு போட்டா என்ன?" என்பாள் அவள்.

புனித அன்னாவின் கீழ்த்தளத்தில் ஒரு பெட்டி நிறைய வெள்ளி இருக்கிறது என்று கிளென் எப்படியோ மோப்பம் பிடித்துவிட்டான். தேவாலயத்தை நிர்வகிக்கும் பங்குப் பேரவைக்குக் கடிதம் எழுதினான், மொத்தமாக எடுத்துக்கொள்கிறேன் என்று. தேவாலயத்தைச் சூடாக்குகிற பாய்லர் சாகக் கிடந்த சமயம். பேரவைத் தலைவி கான்னி ஹீலி, ஓடெட்டோடு ஒரே வகுப்பில் படித்தவள். படிப்பு முடிந்ததும் கான்னி வங்கிக்குப் போனாள், ஓடெட் ஆலைக்குப் போனாள். கடிதம் வந்த வாரமே கான்னி அவளைக் கூட்டத்துக்கு வரச்சொல்லி ஆள் அனுப்பினாள்.

"ஒரு புது பாய்லரே கீழ பெட்டியில தூங்குது, ஓடெட்," என்றாள் கான்னி.

"தூங்கல. ஒவ்வொரு புதனும் வேலை பாக்குது."

"பிளாஸ்டிக்ல சாப்பிட்டா யாரும் செத்துட மாட்டாங்க."

"சரி. பிஷப் விருந்துக்கு வர்றப்ப அவருக்கும் பிளாஸ்டிக்கே வைப்போம். என்ன ஃபாதர்?"

பாதிரியார் மொரான் மெல்ல இருமினார். கான்னி, "அது வேற," என்றாள்.

"என்ன வேறன்னு சொல்லு, கேக்கறேன்."

கான்னி பேச்சை மாற்றினாள். "கோயிலுக்குக் குடுத்த பொருள கோயில் எப்படி வேணும்னாலும் செய்யலாம்," என்றாள்.

"நான் குடுத்தேன்னு யார் சொன்னா? கொண்டுவந்து வச்சிருக்கேன். அவ்வளவுதான். வேணும்னா இன்னிக்கே தூக்கிட்டுப் போறேன்."

கான்னி விடவில்லை. திருட்டுப் போனால் இன்ஷூரன்ஸ்காரனுக்கு யார் பதில் சொல்வது என்று ஆரம்பித்தாள். கடைசியில் கை தூக்கி முடிவு செய்தார்கள்: இனி அந்த வெள்ளி ஒரு ராத்திரிகூடத் தேவாலயத்தின் கூரைக்குக் கீழே தங்கக்கூடாது. முகம் கறுக்க ஓடெட் எழுந்தாள். "தங்காது," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

அடுத்த புதன்கிழமை எல்லோரும் சாப்பிட்டு முடிக்கும் நேரத்தில், அவள் ஒரு நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எல்லாரும் கேளுங்க. இதை இங்க வச்சிருக்கக் கூடாதாம். அதனால அவங்கவங்க கத்தி, முள்ளு, ஸ்பூன அவங்கவங்களே எடுத்துட்டுப் போங்க. கழுவி வச்சிருந்து அடுத்த புதன் கொண்டு வாங்க."

"வீடே இல்லாதவன் எங்க வைக்கிறது?" என்று கேட்டான் டுவேன். அவன் தன் பழைய டிரக்கிலேயே குடியிருந்தான்.

"சீட்டுக்கு அடியில வை. அது என்ன, குளிருதுன்னு அழப்போகுதா?"

படிக்கட்டில் நின்றிருந்த கான்னி இறங்கி வந்தாள். "உனக்கென்ன பைத்தியமா? சரி, யார் யார் எதை எடுத்துட்டுப் போறாங்கன்னு பேராவது எழுதி வை."

"பேரும் எழுத வேண்டாம், வாசல்ல நின்னு பையும் பாக்க வேண்டாம். இருபத்திரண்டு வருஷம் என் பையப் பாத்தாங்க, கான்னி. எனக்குத் தெரியும் அது எப்படியிருக்கும்னு."

"ஒண்ணுகூடத் திரும்பி வராது."

"வராட்டி போனது என்னோடது."

வீம்பாகப் பேசிவிட்டாளே தவிர, அந்த வாரம் அவளுக்கு நெருப்பின் மேல் உட்கார்ந்த மாதிரிதான் இருந்தது. திங்கட்கிழமை கிளென் போன் செய்தான்.

"உன் ஆளு ஒருத்தன் ஒரு செட் கொண்டாந்தான். வாங்கிட்டேன். இன்னும் உருக்க அனுப்பல. வேணும்னா வாங்கின வெலைக்கே எடுத்துக்கோ." குரலில் கிண்டல் இல்லை. அவனுக்கே ஏதோ உறுத்தியிருக்க வேண்டும்.

"அவன்கிட்ட குடுத்தது அவனோடது. அவன் வித்தான், நீ வாங்கின. என்கிட்ட எதுக்குக் கேக்கற?" என்று போனை வைத்துவிட்டாள். யார் என்று அவள் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளவும் பயமாக இருந்தது.

புதன்கிழமை கான்னி சீக்கிரமே வந்து படிக்கட்டுப் பக்கம் நின்றுகொண்டாள். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. முதலில் வந்தவர் கோட்டுக்குள்ளிருந்து ஒரு காலுறையை எடுத்து உதறினார். கத்தி, முள்கரண்டி, ஸ்பூன் மூன்றும் மேசையில் விழுந்தன. மாவிஸ் என்கிற கிழவி மூக்குக் கண்ணாடிக் கூட்டிலிருந்து எடுத்தாள். ஒருவர் செய்தித்தாளில் சுற்றி நூல் கட்டிக்கொண்டு வந்திருந்தார். சிலருடையது அவள் மெருகேற்றியதைவிடப் பளபளத்தது. கான்னியின் உதடு எண்ணுவது போல அசைந்துகொண்டே இருந்தது.

டுவேன் கடைசியாக வந்தான். கை வெறுமையாக இருந்தது. உட்காரவில்லை.

"மேடம், நான் வித்துட்டேன். டிரக் பாட்டரி செத்துப்போச்சு. பனியில அதுக்குள்ளதான் படுக்கறேன், ஹீட்டர் இல்லாம முடியல." எல்லோர் காதிலும் விழும்படிதான் சொன்னான்.

ஓடெட்டுக்கு முகம் சிவந்தது. "கிளென் கிட்டயா?"

"ஆமா."

"அவன் உன்ன நல்லா மொட்டையடிச்சிருப்பான். மடையா! என்கிட்ட வந்து கேட்டிருந்தா திட்டிட்டு வழி பண்ணியிருப்பேன்ல?" தன் பைக்குள் கையை விட்டு இன்னொரு கத்தி, முள்கரண்டி, ஸ்பூன் எடுத்து அவன் தட்டுக்குப் பக்கத்தில் டக்கென்று வைத்தாள். "உக்காரு. ஆறிப்போகுது."

"வித்தவனுக்கே திரும்பவுமா?" என்றாள் கான்னி.

"அவன் தட்டுலயும் கறிதான் இருக்கு, கான்னி. நீ வீட்டுல கத்தி, முள்ளோட சாப்பிடறப்ப அவன் மட்டும் பிச்சுத் திங்கணுமா?"

வேறு இரண்டு பேர் அன்று வரவேயில்லை, பிறகும் வரவில்லை. மூன்று செட் போயிற்று. கான்னி அதைச் சொல்லிக்காட்டினாள், ஓடெட் மறுக்கவில்லை. பேரவை தன் முடிவை இன்றுவரை மாற்றவில்லை. பாய்லரை ஒட்டுப்போட்டு ஓட்டுகிறார்கள். ஜனவரியில் எல்லோரும் கோட்டோடுதான் உட்கார்ந்து சாப்பிட வேண்டியிருக்கிறது. டுவேன் வசந்தத்தில் மெய்ன் மாநிலத்தில் இருக்கும் தன் அக்கா வீட்டுக்குப் போனான். போகும்போது தன் செட்டையும் எடுத்துக்கொண்டு போனான். அவன் அனுமதி கேட்கவில்லை, அவளும் திருப்பிக் கேட்கவில்லை.

இப்போது அவளுக்குப் புதுத் தலைவலி. கரண்டியை வீட்டில் வைத்துப் பழகியதும் அவரவருக்கு அதில் உரிமை வந்துவிட்டது. மாவிஸ் ஒரு நாள் தன் முள்கரண்டியைத் திருப்பிக் காட்டி, "இதுல ஹெச்னு போட்டிருக்கு. நான் ஹெச் இல்ல. எனக்கு எம் போட்டது வேணும்," என்றாள்.

"இது என்ன கல்யாண வீட்டுச் சீரா? கெடைச்சதுல தின்னு."

"நான் தின்னுட்டுத்தான் இருக்கேன். எம் கெடைச்சா சொல்லு."

திட்டினாளே ஒழிய, அடுத்த சனிக்கிழமையிலிருந்து ஓடெட்டின் கட்டைவிரல் எம்மைத் தேட ஆரம்பித்தது. மூன்று மாதம் கழித்து, குன்றின்மேல் ஒரு பெரிய வீட்டு வாசலில், துணிக்கிளிப்புகள் கிடந்த பெட்டிக்கு அடியில் அகப்பட்டது. கொடி சுற்றிய அழகான எம். விற்றுக்கொண்டிருந்த பெண் அவளுடைய கம்பளிச் சட்டையையும் தேய்ந்த பூட்ஸையும் மேலும் கீழும் பார்த்தாள்.

"உங்க குடும்ப எழுத்தா?" என்று கேட்டாள்.

"இல்ல. எங்க இடத்துல சாப்பிட வர்ற ஒரு அம்மாவோடது," என்றாள் ஓடெட், முள்கரண்டியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டே. "ரொம்பக் கெடுபிடி. வேற எழுத்த தொடவே மாட்டாங்க."