அண்ணனுக்காகப் பாடியவர்கள்

பக்கவாதம் வந்து இரண்டு மாதத்தில் அண்ணனுக்குப் பேச்சு சிறு குழறலோடு திரும்பிவிட்டது. வலது காலும் ஓரளவு தேறியது. அதற்குப் பிறகுதான் அவர் பயிற்சியை நிறுத்தினார். பிசியோதெரபிஸ்ட் வந்தால் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். இந்த மாதங்களை வீணாக்கினால் பழைய நடை வருவது கடினம் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"மடி பிடிச்சுப் போச்சு தம்பி," என்றார் மைனி. கருங்கல் சந்தையில் வாழைக்குலை ஏலத்தில் நாள் முழுக்கக் கத்திக்கொண்டிருந்த கணவரைத்தான் சோம்பேறியாகிவிட்டார் என்று சொன்னார்.

ஞாயிறு ஆராதனை முடிந்து சபையார் வந்தார்கள். பக்கத்து வீட்டுப் பிளாஸ்டிக் நாற்காலிகளையும் வாங்கிப் போட்டு உட்கார்ந்து பாடினார்கள். அண்ணன் குலுங்கி அழுதார். கிறிஸ்துமசுக்கு மட்டும் கோயிலுக்குப் போகிறவர் அவர். "ஆண்டவர் அவிய மனசைத் தொட்டுட்டாரு," என்றார் குழுவை நடத்தும் அம்மாள். மைனிக்கும் சந்தோஷம். அடுத்த வாரத்திலிருந்து புதன்கிழமையும் வந்தார்கள். அண்ணனின் அழுகை கூடியது. சாப்பாடும் தூக்கமும் குறைந்தன.

ஒரு புதன்கிழமை, எல்லோரும் போன பிறகு கேட்டேன்.

"எதுக்கு அண்ணே அழுகிய?"

"லேய், டாக்டர் உங்கிட்ட என்ன சொன்னாரு?"

"நடந்திரலாம்னுதான் சொன்னாரு."

"பொய் சொல்லாத. இவிய செத்த வீட்டுலயாக்கும் இப்பிடிக் கூடியிருந்து பாடுவாவ. எனக்குத் தெரியாதா? ஆளு கிடக்கும்போதே பாடுகாவன்னா, நாள் குறிச்சாச்சுன்னுதானே?"

கோயிலுக்குப் போகாதவர், ஊரில் ஒரு மரணத்தையும் தவறவிட்டதில்லை. அங்கே பாடிய அதே ஆட்கள், அதே பாட்டுகளோடு தன் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்ததை அவர் வேறு எப்படிப் புரிந்துகொள்வார்? உறங்கினால் இன்னொரு தாக்குதல் வரும் என்று விழித்தே கிடந்திருக்கிறார். முன்பே மனதில் இருந்த சாவுபயத்தை இந்தப் பாட்டு உறுதிசெய்துவிட்டது. சாகப்போகிறவன் எதற்குக் காலை ஆட்ட வேண்டும் என்பதுதான் அவர் கணக்கு.

டாக்டரிடம் அழைத்துப் போனோம். பக்கவாதத்துக்குப் பின் மனச்சோர்வும் பதற்றமும் பலருக்கும் வருவதுதான் என்று சொல்லி ஒரு மாத்திரை எழுதினார்.

மைனி சீட்டைத் தொடவில்லை. "பைத்தியத்துக்குள்ள மாத்திரையா சார் இது?"

"அடைப்பு வந்தது மூளையில. மனசு மட்டும் தப்பிச்சுப் போகுமாம்மா? பிரஷர் மாத்திரையோட சேர்த்துக் குடுங்க."

பாட்டை நிறுத்தச் சொல்லும் சங்கடத்தை மைனி என்னிடம் விடவில்லை. குழுவை நடத்தும் அம்மாளிடம் தானே போய்ச் சொன்னார். அந்த அம்மாளின் முகம் சற்று வாடியதாம். பிறகு, "அப்ப கோயில்ல வச்சு ஜெபிக்கோம். வீட்டுக்கு ஒவ்வொருத்தரா சும்மா வாறோம்," என்றாராம்.

மாத்திரை வேலை செய்யச் சில வாரங்கள் ஆயின. பயம் முழுதாகப் போகவில்லை. கை மரத்துப் போனால் இன்றும் மைனியைக் கூப்பிடுகிறார். ஆனால் ஒருநாள் பிசியோதெரபிஸ்ட் தாமதமாக வந்தபோது, "ஏம்டே இவ்வளவு நேரம்? எனக்கு வேற சோலி இல்லியா?" என்று எரிந்து விழுந்தார்.

"ஆமா, கலெக்டர் ஆபீசுக்குப் போணும்," என்றார் மைனி அடுக்களையிலிருந்து.

அண்ணன் வலது காலை நீட்டிக் கொடுத்தார்.